"திற" என்றால் திறக்கட்டும்!

அலிபாபாவின் கதையை அறியாதார் இலர். காட்டின் நடுவே ஒரு குகை. குகைக்கு ஒரு கற்கதவு. கதவுக்குப் பூட்டும் இல்லை, திறவுகோலும் இல்லை. ஒரு சொல், அவ்வளவே! சொன்னவன் கொள்ளையனா, விறகு வெட்டி வயிறு வளர்க்கும் ஏழையா என்று அந்தக் கதவு கேட்டதில்லை. குலம் கேட்டதில்லை, கோத்திரம் கேட்டதில்லை. சொல் விழுந்தது, கதவு திறந்தது. சொல்லை மறந்த காசிம் மட்டும் உள்ளே அகப்பட்டு மாண்டான்.

கட்டுக்கதை என்று சிரித்தோம். இன்றோ அந்தக் கதவு நம் மேசைமீது நிற்கிறது. கணிப்பொறி என்பது அதன் பெயர். "திற" என்றால் கோப்பு திறக்கிறது. "மூடு" என்றால் மூடுகிறது. "கீழே இறங்கு" என்றால் பக்கம் நகர்கிறது. சொல்லச் சொல்லக் கடிதம் எழுதுகிறது. "அதை அழி" என்றால் எழுதியதை அழிக்கிறது. விசைப்பலகையைத் தொட வேண்டியதில்லை. சுட்டியைப் பிடிக்க வேண்டியதில்லை. மந்திரம் அன்று, மாயம் அன்று, மனிதன் தன் மதியால் படைத்த மாண்பு!

ஆனால் தோழர்களே, கதையில் வந்த கதவுக்கும் மேசைமேல் நிற்கும் கதவுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. அந்தக் கதவு கேட்காத கேள்வியை இந்தக் கதவு கேட்கிறது. எந்த மொழியில் சொல்கிறாய்? எந்த நாட்டு உச்சரிப்பில் சொல்கிறாய்? விடை பிடித்தால் திறக்கிறது. பிடிக்காவிட்டால் கல்லாய்க் கிடக்கிறது. காசிம் சொல்லை மறந்ததால் உள்ளே சிக்கினான். நம்மவனோ சொல்லை நன்கறிந்திருந்தும் வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறான்!

இதைச் சொன்னால் சிலர் நகைக்கிறார்கள். "கை இருக்க வாய் எதற்கு? விரலால் தட்டுவதற்குச் சோம்பற்படுவோர் தேடும் சொகுசுதானே இது!" என்கிறார்கள். கை இருப்பவர் கேட்கும் கேள்வி அது! காலுள்ளவனுக்கு ஊன்றுகோல் வீண்சுமை. கண்ணுள்ளவனுக்குப் பிரெய்லி வெறும் புள்ளி. தம் உடலையே உலகத்தின் அளவுகோலாக்கும் அறியாமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

பனையேறும் உழைப்பாளி ஒருவனை எண்ணிப் பாருங்கள். பாளை சீவ ஏறியவன் பிடி தவறி விழுகிறான். கழுத்துத் தண்டுவடம் முறிகிறது. உயிர் பிழைக்கிறது, கையும் காலும் உறங்கிவிடுகின்றன. சிந்தை தெளிவாக இருக்கிறது, செவி கேட்கிறது, குரல் கணீரென ஒலிக்கிறது. அவன் வீட்டில் மகள் படிக்கும் கணிப்பொறி ஒன்று இருக்கிறது. தனக்குரிய உதவித்தொகைக்கு விண்ணப்பம் எழுத வேண்டும். நாளேடு படிக்க வேண்டும். நண்பனுக்கு மடல் விடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும், "அம்மா, கொஞ்சம் வருகிறாயா?" என்று பிறர் கையை நாடிக் கிடக்க வேண்டுமா? அவனுக்குக் குரல்வழிக் கணிப்பொறி சொகுசா? அதுவன்றோ அவனுடைய கை!

அவன் மட்டுமா? நாள் முழுதும் விசை தட்டித் தட்டி மணிக்கட்டு நரம்பு நசுங்கிப் போனவர் எத்தனை பேர்! டேவிஸ் ரட் என்னும் மென்பொருளாளர் விரல் வலியால் தட்டச்சு செய்ய இயலாத நிலைக்கு வந்தார். தொழிலை விட்டாரா? இல்லை. குரலாலேயே நிரல் எழுதும் முறையைத் தமக்கென உருவாக்கி, 2013-ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த பைத்தான் மாநாட்டின் மேடையில் பலரும் காணச் செய்து காட்டினார். அடைப்புக்குறி முதல் அரைப்புள்ளி வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுஞ்சொல்! கை ஓய்ந்தது, கருத்து ஓயவில்லை.

ஆக, தேவை உண்டு. முடியுமா என்பதே அடுத்த கேள்வி. முடியாது என்று முழங்கியவர்கள் முன்னும் இருந்தார்கள்.

1952-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் "ஆட்ரி" என்றொரு பொறி. ஆளுயர நிலைச்சட்டத்தை நிறைத்த அந்தப் பொறி அறிந்தவை சுழி முதல் ஒன்பது வரை பத்தே எண்கள். அதுவும் பழகிய குரலில், இடைவெளி விட்டுச் சொன்னால் மட்டுமே! 1962-இல் சியாட்டில் உலகக் கண்காட்சியில் ஐ.பி.எம். நிறுவனத்தின் "ஷூபாக்ஸ்" பதினாறு சொற்களைக் கேட்டுக் கணக்குப் போட்டது. 1969-இல் அதே பெல் ஆய்வுக்கூடத்தின் அறிஞர் ஜான் பியர்ஸ் சீறினார். பேச்சறியும் பொறி தேடுவோரின் ஆர்வத்தைத் தண்ணீரைப் பெட்ரோலாக்கும் திட்டத்துக்கும் கடல்நீரிலிருந்து பொன் பிரிக்கும் திட்டத்துக்கும் ஒப்பிட்டுச் சாடினார். சாடல் சாடலாக நின்றது. ஆய்வு நடந்துகொண்டே இருந்தது. 1976-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் "ஹார்ப்பி" 1,011 சொற்களை அறிந்தது.

இலக்கண விதிகளை ஒவ்வொன்றாக ஊட்டிப் பொறிக்குப் பேச்சறிவு புகட்ட முயன்றவர்கள் களைத்தனர். எந்த ஒலிக்குப் பின் எந்த ஒலி வரும், எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்று எண்ணிக்கையால் கணித்தவர்கள் வென்றனர். குரலை நொடியில் நூறில் ஒரு பங்காக நறுக்குவது, ஒவ்வொரு நறுக்கிலும் ஒலியின் சாயலை அளப்பது, அளந்ததைக் கொண்டு பெரிதும் பொருந்தும் சொல்லைத் தேர்வது. இதுவே அந்த வழி. ஜேம்ஸ் பேக்கர், ஜேனட் பேக்கர் இணையர் 1982-இல் டிராகன் நிறுவனத்தைத் தொடங்கினர். 1990-இல் அவர்கள் விற்ற மென்பொருளின் விலை 9,000 டாலர்! ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவே நிறுத்தி நிறுத்திப் பேச வேண்டும். 1997-இல் அந்தத் தளை அறுந்தது. தொடர்ந்து பேசினாலும் தொடர்ந்து எழுதும் மென்பொருள் வந்தது.

2006 ஜூலையில் மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் புதிய விண்டோசின் குரலறியும் திறத்தை மேடையேற்றியது. "அன்புள்ள அம்மா" என்று எழுதச் சொன்னால் "அன்புள்ள அத்தை" என்று எழுதியது! திருத்தப் போனார், பிழை பெருகியது. அவையே சிரித்தது. ஆனால் 2007 சனவரியில் விண்டோஸ் விஸ்டா விற்பனைக்கு வந்தபோது, தனியே விலை கொடுத்து வாங்கத் தேவையில்லாமல் அந்தத் திறம் கணிப்பொறியோடு சேர்ந்தே வந்தது. 2019-இல் ஆப்பிள் நிறுவனத்தின் கணிப்பொறியை முழுக்க முழுக்கக் குரலாலேயே ஆளும் முறை வெளிவந்தது. 2022-இல் விண்டோஸ் 11-லும் அத்தகைய முறை முன்னோட்டமாக வந்தது.

எந்தெந்த மொழிகளுக்கு? அங்கேதான் இருக்கிறது நெஞ்சைச் சுடும் செய்தி. 2007-இல் ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானியம், ஜப்பானியம், சீனம். 2022-இல் முதலில் ஆங்கிலம். 2024-இல் அதனுடன் பிரெஞ்சும் ஜெர்மனும் ஸ்பானியமும். இந்தப் பட்டியல்களில் தமிழைத் தேடினேன், கண்டேனில்லை!

"தமிழ் கடினம் ஐயா! ஒரே 'க' பல ஒலிகளாய் ஒலிக்கிறது. லகர, ளகர, ழகரம் மயங்குகின்றன. ஒரு வினையடியிலிருந்து நூற்றுக்கணக்கான சொல்வடிவங்கள் கிளைக்கின்றன. பொறி எப்படித் தாங்கும்?" என்று அங்கலாய்ப்பார் உண்டு. கடினம்தான், மறுக்கவில்லை. "வந்துகொண்டிருந்தவர்களுக்காகத்தான்" என்பதை ஒரே சொல்லாய் எழுதும் மொழி நம்முடையது. சொற்பட்டியலை மட்டும் நம்பும் பொறி அதன்முன் திணறும் என்பதும் உண்மை.

ஆனால் அந்தக் கடினத்தைத்தான் கடந்தாகிவிட்டதே! 2017 ஆகஸ்டிலேயே கூகுள் நிறுவனம் தமிழில் பேசினால் தமிழில் எழுதும் வசதியைக் கைப்பேசியில் தந்துவிட்டது. செய்தியும் கடிதமும் கட்டுரையும் இன்று தமிழ்க் குரலால் எழுதப்படுகின்றன. பல்லாயிரம் சொற்களை, அவற்றின் எண்ணற்ற வடிவங்களைக் கேட்டறியும் செவி பிறந்தாயிற்று.

கணிப்பொறியை ஆள்வதற்கு எத்தனை சொற்கள் வேண்டும்? சிந்தியுங்கள்! "எண்களைக் காட்டு" என்றால் திரையிலுள்ள ஒவ்வொரு பொத்தானின் மீதும் ஒவ்வோர் எண் முளைக்கிறது. "பதினான்கு" என்றால் பதினான்காம் பொத்தான் அழுந்துகிறது. எண் முளைக்காத இடமென்றால், திரையை ஒன்பது கட்டங்களாக வகுத்துக் காட்டும் முறை இருக்கிறது. "ஐந்து" என்றால் ஐந்தாம் கட்டம் மீண்டும் ஒன்பதாகிறது. மூன்று முறை சொன்னால் திரையின் 729-இல் ஒரு பங்கை அடையலாம். நான்கு முறை சொன்னால் 6,561-இல் ஒரு பங்கு! ஊசிமுனை போன்ற இடத்தையும் ஒற்றை இலக்க எண்களால் தொட்டுவிடலாம். எண்களும், திற, மூடு, ஏறு, இறங்கு, தேர்ந்தெடு, அழி, அனுப்பு, நில் என்று சில பத்து வினைகளும் போதும். பெரும்பாலான வேலை முடிந்துவிடும்.

பத்து எண்களை 1952-இலேயே ஒரு பொறி அறிந்தது. கடலைத் தாண்டிய தமிழ்ச் செவி கால்வாயைத் தாண்டவில்லை என்றால் அது கால்வாயின் அகலத்தாலா? இல்லை; தாண்டச் சொல்வார் இல்லை. அறிவியல் தடுக்கவில்லை, அக்கறையின்மை தடுக்கிறது!

"இதற்கு ஏன் இத்தனை ஆரவாரம்? சில பத்து ஆங்கிலச் சொற்கள்தானே, கற்றுக்கொள்ளட்டுமே!" என்று அறிவுரை வழங்கும் மேதைகளுக்கு ஒரு சொல். கற்றுக்கொள்ளலாம். ஆனால் கற்றவன் சொல்வதும் அந்தச் செவியில் ஏற வேண்டுமே! ஆங்கிலமே தாய்மொழியாய்ப் பிறந்தவர்க்கு நேர்ந்ததைக் கேளுங்கள். 2020-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் ஐந்து பெருநிறுவனங்களின் குரலறியும் பொறிகளை ஆய்ந்து வெளியிட்டனர். வெள்ளையர் பேச்சில் 100 சொற்களுக்கு ஏறத்தாழ 19 பிழை. கறுப்பின மக்கள் பேச்சில் 35 பிழை! அதே நாடு; அதே மொழி. ஆனால் பொறிக்குப் பாடம் புகட்டப் பயன்பட்ட குரல்களில் கறுப்பின மக்களின் குரல் போதிய அளவு இல்லை. எனவே செவியும் சாய்ந்தது. நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் பிறந்து வளர்ந்தவனுக்கே இந்நிலை என்றால், நெல்லைச் சீமையில் பிறந்து நாற்பது வயதில் "ஷோ நம்பர்ஸ்" பழகுபவனுக்கு எந்நிலை?

பொறிக்குச் சாதி தெரியாது, நிறம் தெரியாது என்பார்கள். உண்மை. அது கேட்ட குரல்களை மட்டுமே அதற்குத் தெரியும். யாருடைய குரலை அதற்குக் கேட்கக் கொடுத்தோம் என்பதில்தான் மனிதனின் மேடுபள்ளம் அத்தனையும் அடங்கியிருக்கிறது. 2022-இல் ஓபன்ஏஐ நிறுவனம் வெளியிட்ட "விஸ்பர்" என்னும் பொறி 6,80,000 மணி நேரப் பேச்சைக் கேட்டுப் பயின்றது. அதில் ஆங்கிலம் அல்லாத 96 மொழிகளின் பேச்சை அந்தந்த மொழியிலேயே எழுதப் பயின்ற பங்கு, எல்லாம் சேர்த்து 1,17,000 மணி நேரம். பந்தியில் ஒருவனுக்குத் தலைவாழை இலை. தொண்ணூற்றாறு பேருக்குத் தொன்னை!

பிறரை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நம் வீட்டுக் குற்றத்தையும் பேசுவோம். தமிழ்ப்பற்று மிக்க நம் நண்பர்கள் சிலர், "பொறிக்குக் கற்பிப்பதானால் செந்தமிழையே கற்பிக்க வேண்டும், கொச்சையைக் கேட்டு அது கெட்டுவிடக் கூடாது" என்கிறார்கள். எழுத்துக்கு அது சரி. இந்த ஏடும் அந்த நடையில்தான் எழுதுகிறது. செவிக்கு அது சரியா? கழுத்து முறிந்து கிடக்கும் பனையேறி "மூன்று" என்று சொல்வதில்லை, "மூணு" என்கிறான். "ஐந்து" அவனுக்கு "அஞ்சு". "ஒன்பது" அவனுக்கு "ஒம்பது". "திற" அவனுக்கு "தொற". அவன் வாயைத் திருத்திய பிறகுதான் அவனுக்குக் கதவு திறக்குமா? ஆங்கில உச்சரிப்பு சரியில்லை என்று அயலான் தள்ளினால் அநீதி. தமிழ் உச்சரிப்பு சரியில்லை என்று நாமே தள்ளினால் நீதியா? பேச நூறு வழக்கு இருக்கட்டும். கேட்கும் செவி அத்தனைக்கும் திறந்திருக்கட்டும். அதுவே மொழிக்குப் பெருமை.

ஐயங்களில் மதிக்கத்தக்கவையும் உண்டு. "ஒலிவாங்கியை வீட்டுக்குள் வைத்தால், ஒட்டுக் கேட்பவனை வீட்டுக்குள் வைத்தது ஆகாதா?" என்கிறார்கள். வெறும் அச்சம் அன்று. ஆப்பிள் நிறுவனத்தின் குரல் உதவியாளிடம் மக்கள் பேசியவற்றின் பதிவுகளை ஒப்பந்த ஊழியர் கேட்டு மதிப்பிட்டனர் என்பது 2019-இல் வெளிச்சத்துக்கு வந்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் அந்நிறுவனம் மன்னிப்புக் கோரியது. அதற்காகக் குரல்வழியை மூடிவிடலாமா? களவு போகும் என்று கதவே வைக்காமல் வீடு கட்டுவாருண்டோ? குரலைக் கடல் கடந்து அனுப்பாமல், கணிப்பொறிக்குள்ளேயே கேட்டறியும் முறை இருக்கிறது. அதே ஆண்டில் அதே நிறுவனம் தந்த குரலாட்சி முறை அவ்வாறே அமைந்தது. அந்த முறையே வேண்டும் என்று கேட்பதுதான் அறிவுடைமை.

"நாள் முழுதும் பேசினால் தொண்டை வறளாதா?" என்பாரும் உளர். வறளும். இரைச்சல் மிக்க இடத்தில் குரல்வழி தடுமாறும். பலர் கூடிய அலுவலகத்தில் அந்தரங்கக் கடிதத்தை வாய்விட்டுச் சொல்லவும் ஆகாது. பக்கவாதத்தால் நா குழறுவோரின் பேச்சைப் பொதுப்பொறிகள் சரிவரப் பிடிப்பதில்லை. அத்தகையோர் குரல்களைத் திரட்டும் முயற்சியை இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் 2022-இல் தொடங்கியது. எனவே விசைப்பலகையை உடைத்தெறியுங்கள் என்று யாரும் கூறவில்லை. வழி இரண்டு இருக்கட்டும். வேண்டியவர் வேண்டிய வழியில் செல்லட்டும் என்கிறோம்.

என்ன செய்ய வேண்டும்? வேண்டுகோள் விடுத்து ஓய்ந்துவிடும் காலம் போயிற்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, அன்றாடம் பயன்படும் மின்னணுப் பொருள்கள் அனைவர்க்கும் ஏற்ற வடிவில் கிடைக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. கணிப்பொறி அன்றாடப் பொருளா, அன்றா? தமிழன் "அனைவர்" என்ற சொல்லுக்குள் அடங்குவானா, மாட்டானா? விடை கூறட்டும் ஆள்வோர்!

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் இலட்சக்கணக்கான பொறிகளைத் தமிழ்நாட்டு அரசு வாங்கி வழங்கியது. அத்தனை பெரிய வாடிக்கையாளர் ஒரு நிபந்தனை விதித்தால் எந்த வணிகன் மறுப்பான்? "தமிழ் ஆணைக்குச் செவிசாய்க்கும் பொறியே வாங்குவோம்" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதட்டும். 1999-இல் தமிழ்நாட்டு அரசு விசைப்பலகைக்கு ஒரு தரம் வகுத்தது, தமிழ்99 பிறந்தது. அதுபோலவே கணிப்பொறி ஆணைச் சொற்களுக்கும் ஒரு பொதுப்பட்டியல் வகுக்கட்டும். அதில் "திற"வும் இருக்கட்டும், "தொற"வும் இருக்கட்டும்.

நாமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 2017-இல் மோசில்லா தொடங்கிய குரற்கொடைப் பணியில் தமிழும் இடம்பெற்றது, சென்னை ஐ.ஐ.டி. ஆய்வாளரும் இந்திய மொழிகளின் குரல்களைத் திரட்டியிருக்கின்றனர். குருதிக்கொடை தருகிறோம், கண்கொடை தருகிறோம், குரற்கொடைக்கு ஒரு சொட்டு இரத்தமும் சிந்த வேண்டியதில்லை! குமரியின் குரலும் கொங்கின் குரலும், சேரியின் குரலும் யாழ்ப்பாணத்தின் குரலும், பாட்டியின் நடுங்கும் குரலும் அங்கே பதியட்டும். கொடுப்பவர் ஒப்புதலோடு, கொடுத்தது பொதுவுடைமையாய் நிற்கும் உறுதியோடு பதியட்டும்.

அந்தப் பனையேறி இன்னும் படுக்கையில் இருக்கிறான். எதிரே திரை ஒளிர்கிறது. அவன் கேட்பது பிச்சை அன்று. பிறர் கையும் அன்று. தன் தாய் சொல்லித் தந்த ஒரு சொல்லைத் தன் வாயால் சொல்கிறான். "தொற!"

கள்ளர்க்குத் திறந்த கதவு, உழைத்தவனுக்குத் திறக்காதா? திறக்கச் செய்வோம்!